'கவுட்' மூட்டுவாதம்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க வேண்டாம்?

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு பயிரிடும் விவசாயிகள் பலர். கிழங்கை ஊன்றி, கொடியைக் கம்பியில் ஏற்றி, பூக்கும் பருவத்தில் ஆள் வைத்துக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்து, காய் முற்றியதும் பறித்து உலர்த்தி விதை எடுக்கிறார்கள். அந்த விதை வியாபாரிகள் மூலம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. விதையில் உள்ள 'கோல்சிசின்' என்னும் மருந்துப் பொருளுக்காகத்தான் இத்தனை பாடும். ஆனால் அந்த மருந்து எந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது என்பது விளையும் ஊரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கால் பெருவிரலின் அடிமூட்டு இரவோடு இரவாகச் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும்படி வலிக்கும் 'கவுட்' என்ற மூட்டுவாதத்துக்குத்தான் அது முக்கியமான மருந்து. முதல் தடவை பெரும்பாலும் பெருவிரலில் வரும். பாதத்தின் மேற்பகுதி, கணுக்கால், முழங்கால் என்றும் வரலாம். நாளான பிறகு மணிக்கட்டு, கைவிரல்களையும் பிடிக்கும். ஒரு வாரம் அல்லது பத்து நாள் படுக்கப் போட்டுவிட்டு, மருந்து இல்லாவிட்டாலும் தானே தணிந்துவிடும். நடவுக்கு ஆள் சொல்லி வைத்திருக்கும் வாரத்தில் இது வந்துவிட்டால் வரப்பில் கால் ஊன்ற முடியாது.

வலி போனதும் மறந்துவிடுவதுதான் இந்நோயில் உள்ள ஆபத்து. சில மாதங்கள் கழித்து மறுபடி வரும். கவனிக்காமல் விட்டால் இடைவெளி குறைந்துகொண்டே போகும், மூட்டு அரிக்கப்படும், விரல் மூட்டுகளிலும் காது மடலிலும் சுண்ணாம்புக் கட்டி போன்ற முடிச்சுகள் தோன்றும். சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இது அதிகம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகே பெரும்பாலும் வருகிறது.

சாப்பாட்டோடு தொடர்புள்ள நோய் என்பதால் 'யூரிக் அமிலம் கூடியிருக்கிறது' என்று தெரிந்த அன்றே வீட்டில் பத்தியம் ஆரம்பமாகிவிடும். துவரம்பருப்பு கூடாது, முருங்கைக்கீரை கூடாது, தயிர் வாதம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். வாரக் கடைசியில் குடிக்கும் பீரும், கால் வலிக்கு நல்லது என்று வைத்துக் கொடுக்கும் சூப்பும் அப்படியே தொடரும். தள்ள வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைத் தள்ளுவதால் வலியும் குறைவதில்லை; உடம்புக்கு வேண்டிய புரதச்சத்தும் போய்விடுகிறது.

கோழி எச்சத்தில் காணும் வெள்ளை

யூரிக் அமிலம் என்பது என்ன என்று அறிய ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான். பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் கோழிக்குஞ்சுகளில் வரும் கவுட் நோயும் புதிதல்ல. தண்ணீர் போதாமல் போனாலும், தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்துவிட்டாலும், சில நச்சுயிரிகள் தாக்கினாலும் குஞ்சின் சிறுநீரகம் கெட்டு யூரிக் அமிலம் வெளியேறாமல் தங்கிவிடும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம் இருக்கும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. யூரிக் அமிலத்தை மேலும் கரைத்து, நீரில் எளிதாகப் போகும் பொருளாக மாற்றும் நொதி ஒன்று அவற்றின் உடலில் சுரக்கிறது. மனிதனுக்கு அந்த நொதி கிடையாது. ஆகையால் உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும், மீதியைக் குடலும்தான் வெளியேற்ற வேண்டும். இரத்தத்தில் 100 மில்லிக்கு 6.8 மில்லி கிராம் என்ற அளவைத் தாண்டினால் அது கரைந்து நிற்காது. உப்பளத்தில் உப்புப் பூப்பது போல மூட்டுகளில் ஊசி ஊசியான படிகங்களாகப் படியும். உடம்பிலேயே குளிர்ச்சியான கால் விரல் மூட்டில் இது முதலில் நிகழ்வதில் வியப்பில்லை.

யூரிக் அமிலம் உண்டாவது 'பியூரின்' என்ற பொருளில் இருந்து. நம் உடலின் திசுக்கள் அழிந்து புதிதாவதில் இருந்தே அதில் பெரும்பங்கு வந்துவிடுகிறது. உணவில் இருந்து வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பத்தியத்தால் கைவைக்க முடிவது இந்த ஒரு பங்கில் மட்டுமே என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பருப்பும் கீரையும் குற்றவாளிகள் அல்ல

பருப்பு வகைகளிலும் சில கீரைகளிலும் காளானிலும் பியூரின் இருப்பது உண்மை. அதை வைத்துத்தான் முன்னாளில் டாக்டர்களும் அவற்றைத் தடுத்து வந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் மருத்துவத் தொழிலில் உள்ள 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறியது. இறைச்சியை மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட 41 சதவீதம் கூடுதலாகக் கவுட் வந்தது. மீன், இறால் போன்ற கடல் உணவை அதிகம் உண்டவர்களுக்கு 51 சதவீதம் கூடுதல். பியூரின் மிகுந்த பயறு, கீரை, காய்களை உண்டவர்களுக்கோ கூடுதலாக வரவே இல்லை. பால் பொருட்களை நிறைய எடுத்துக்கொண்டவர்களுக்கு 44 சதவீதம் குறைவாகவே வந்தது.

அந்த ஆட்கள் மண்வெட்டி பிடித்தவர்கள் அல்லர் என்று சொல்லலாம். சொல்லலாம்தான், ஆனாலும் சாம்பாரை நிறுத்திவிட்டுக் கருவாட்டுக் குழம்புக்குப் போவது எந்தக் கணக்கிலும் ஒத்து வராது. துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, முருங்கைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் வழக்கம்போல் உண்ணலாம். புலால் உண்ணும் வீடுகளில் வாரத்தில் நாலு நாள் இறைச்சிக்குப் பதிலாகப் பயறு சமைத்தால் அதுவே பத்தியம். அரிசி, கேழ்வரகு, கம்பு இவற்றில் பயப்பட ஒன்றுமில்லை. முட்டையில் பியூரின் மிகவும் குறைவு, தாராளமாகச் சேர்க்கலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்கள் மட்டும் பயறு, கீரை அளவை டாக்டர் சொல்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈரல், நெத்திலி, சூப்பு

குறைக்க வேண்டியவற்றில் முதலிடம் உள்ளுறுப்புகளுக்கு. ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாம் 100 கிராமில் 200 மில்லி கிராமுக்கு மேல் பியூரின் உள்ளவை. இரத்தசோகைக்கு ஈரல் நல்லது என்பது சரியே. வீட்டில் வேறொருவருக்குச் சமைத்தால் கவுட் உள்ளவர் அதில் பங்கு கேட்காமல் இருந்துவிட வேண்டும்.

அடுத்தது சிறு மீன்கள். நெத்திலி, மத்தி இரண்டும் ஈரலோடு போட்டி போடக்கூடியவை. அவற்றையே கருவாடாக்கினால் நீர் வற்றிப் பியூரின் இன்னும் செறிவாகிவிடும். ஏழைகளின் புரதம் என்று பேர் பெற்ற உணவு இது. மலிவாகக் கிடைப்பதைக் கைவிடு என்று சொல்வது எளிது, செய்வது கடினம். வாரம் முழுவதும் தொட்டுக்கொள்ளக் கருவாடு என்று இருப்பவர், வாரம் ஒரு நாள் என்று குறைத்து, மற்ற நாட்களில் முட்டையோ பயறோ வைத்துக்கொண்டால் கைச்செலவு அதிகம் ஏறாது.

ஆட்டிறைச்சியும் கோழியும் நடுத்தரம். நாட்டுக்கோழி ஆகும், பிராய்லர் ஆகாது என்ற பேச்சில் பொருளில்லை. வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை, ஒரு வேளைக்கு 100 கிராம் அளவில் உண்ணலாம். இறைச்சி வேகும்போது பியூரினில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். முதலில் வேக வைத்த நீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வைத்தால் துண்டில் பியூரின் குறையும்.

இதே காரணத்தால்தான் சூப்பு ஆகாது. மூட்டு வலி என்றதும் ஆட்டுக்கால் சூப்பும் நண்டு ரசமும் வைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்காரர் குடித்தால் கெடுதல் இல்லை. கவுட் உள்ளவர், இறைச்சியும் எலும்பும் மணிக்கணக்கில் கொதித்த சாற்றைக் குடித்தால், இறங்கிய பியூரின் அத்தனையும் அவர் வயிற்றுக்குப் போகிறது. அக்கறையோடு வைத்துக் கொடுப்பவரிடம் இதைச் சொல்லி நிறுத்துவது கொஞ்சம் சங்கடமான காரியம்தான்.

கிடா விருந்துக்கு மறுநாள்

மாதக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் இருந்தவருக்குக் கோயில் கிடா வெட்டு, காதணி விழா முடிந்த இரண்டாம் நாள் கால் வீங்குவது கிராமங்களில் காணும் காட்சி. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. இரண்டு நாட்களுக்குள் மிக அதிகமான பியூரின் உட்கொண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உட்கொண்ட நாட்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக வலி கண்டது. பயறு, காய்களால் ஏற்பட்ட கூடுதல் சொற்பம்; புலாலால் ஏற்பட்டதே பெரிது. ஆறு மாதம் வாயைக் கட்டி ஒரே நாளில் அவிழ்த்துவிடுவதைக் காட்டிலும், அளவாக அவ்வப்போது உண்பதே மேல்.

விருந்தோடு மது சேர்ந்தால் இரட்டைக் கேடு. மது உடலில் எரியும்போது உண்டாகும் பொருள், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. பீரில் அதோடு பியூரினும் இருக்கிறது. தினம் இரண்டு குவளைக்கு மேல் பீர் குடித்தவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று முன் சொன்ன அமெரிக்க ஆண்களிடமே காணப்பட்டது. பிராந்தி, விஸ்கி வகைகளும் அதற்கு அடுத்தபடி கெடுதல் செய்பவையே. 'பீர் சூட்டைத் தணிக்கும், கல்லைக் கரைக்கும்' என்ற பேச்சை நம்பிக் குடித்து, மூட்டில் படிகம் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு.

நேர்மாறாகப் பட்டினி கிடப்பதும் தவறு. கடும் விரதத்தில் உடல் தன் கொழுப்பையே எரிக்கும்போது யூரிக் அமிலம் வெளியேறுவது தடைப்படும். பருத்த உடம்புக்காரர் எடையைக் குறைத்தால் இந்நோய்க்கு மிகவும் நல்லது. ஆனால் மாதத்துக்கு ஒன்று, இரண்டு கிலோ என்று மெதுவாகக் குறைக்க வேண்டும்.

இனிப்பிலும் உண்டு

சர்க்கரையில் பியூரின் துளியும் இல்லை. இருந்தும் அது இந்நோய்க்கு உதவி செய்கிறது. சர்க்கரையில் பாதி பிரக்டோஸ் என்னும் இனிப்புச் சத்து. அதை ஈரல் செரிக்கும் வேகத்தில் யூரிக் அமிலம் உண்டாகிறது. தினம் இரண்டு தடவை இனிப்புக் குளிர்பானம் குடித்தவர்களுக்கு 85 சதவீதம் கூடுதலாகக் கவுட் வந்ததாக 2008ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். கலர், சோடா, பாக்கெட் பழச்சாறு எல்லாம் இதில் அடங்கும். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையின் உறவினர்களே. கரும்புச்சாறும் பதநீரும் அப்படியே. எப்போதாவது ஒரு குவளை குடித்தால் குடி முழுகாது. தாகத்துக்கு அதையே குடிப்பதுதான் கூடாது. டீயும் காபியும் தம்மளவில் குற்றமற்றவை. நாளுக்கு ஆறு டீயில் போய்ச் சேரும் பன்னிரண்டு கரண்டி சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும். முழுப் பழங்களை, கொய்யா, நெல்லி, பப்பாளி என்று உண்பதற்குத் தடை இல்லை.

மோரும் தண்ணீரும்

பாலில் உள்ள புரதம் யூரிக் அமிலத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது. நீர்மோர் இந்நோய்க்காரருக்கு மருந்தாகவும் தாகத்துக்கு நீராகவும் ஆகும். மாடு வைத்திருக்கும் வீடுகளில் காலையில் கறந்தது சொசைட்டிக்குப் போய்விட்டால், வீட்டுக்கு மிஞ்சுவது டீக்கான பால்தான். கவுட் உள்ளவர் இருக்கும் வீட்டில் அரை லிட்டரை நிறுத்தித் தயிராக்கி, கடைந்து, வயலுக்கு மோராக எடுத்துப் போவது நல்லது. பழைய சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும் அதுவே துணை.

தண்ணீர் குறைந்தால் கோழிக்குஞ்சுக்கு நேரும் கதிதான் மனிதனுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் களை எடுப்பவர், கரும்பு வெட்டுபவர் உடம்பில் இருந்து வேர்வையாகவே நிறைய நீர் போய்விடும். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாக இறங்கினால் யூரிக் அமிலமும் உள்ளே தங்குகிறது என்று பொருள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அரை மணிக்கு ஒரு முறை குடித்து, சிறுநீர் வெளுப்பாகப் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே வேலைக்கு வரும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். வேலைக்கு ஆள் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதயநோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு நீரின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வலி கண்ட அன்று

காலை அசைக்காமல், தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றலாம். எண்ணெய் விட்டு உருவுவதும், சூடு வைப்பதும், பற்றுப் போட்டு இறுக்கிக் கட்டுவதும் வேதனையை வளர்க்கும்.

முள் குத்தியோ மண்வெட்டி பட்டோ கிருமி புகுந்த மூட்டும் இதேபோலத்தான் சிவந்து வீங்கும். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால், அல்லது சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால், கவுட் என்று தாமே முடிவு கட்டாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டில் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே மூட்டு வீணாகிவிடும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை உடனே சுகம் தரும். அதையே வாரக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும், சிறுநீரகத்தில் பழுதும் உண்டாகும். யூரிக் அமிலத்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகத்தையே கெடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம்!

கோல்சிசின் மாத்திரை இங்கேதான் வருகிறது. வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் நன்கு கேட்கும். அரை மில்லி கிராம் என்ற மிகச் சிறு அளவில் தரப்படும் மருந்து அது. அளவு மிஞ்சினால் கடும் விஷம். கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதே சரக்குதானே என்று கண்வலிக்கிழங்கை அரைத்தோ வேக வைத்தோ உண்ணவே கூடாது. சிறு துண்டும் உயிரைக் குடிக்கும். மாற்று மருந்து கிடையாது. முதலில் வாந்தியும் பேதியும் வந்து நின்றது போல் இருந்து, இரண்டு மூன்று நாளில் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடும். சர்க்கரைவள்ளி என்று எண்ணித் தின்றவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். விதைக்கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். தவறிப்போய் யாரேனும் தின்றுவிட்டால், வாந்தி நிற்கட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பத்தியத்தால் எவ்வளவு இறங்கும்?

எல்லாப் பத்தியமும் ஒழுங்காக இருந்தாலும் யூரிக் அமிலம் பெரும்பாலும் ஒரு மில்லி கிராம் அளவுக்குத்தான் இறங்கும். 7இல் இருப்பவருக்கு அது போதலாம். 9, 10 என்று இருப்பவருக்குப் போதாது. ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் வலி வந்தாலும், முடிச்சுகள் தோன்றினாலும், 6 மில்லி கிராமுக்குக் கீழே வைத்திருக்க அல்லோபியூரினால் போன்ற மாத்திரை தேவைப்படும். வலி போனதும் நிறுத்துகிற மாத்திரை அல்ல அது. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஆரம்ப மாதங்களில் படிகங்கள் கரையும்போது வலி ஒன்றிரண்டு முறை வருவதுண்டு. அதைக் கண்டு நிறுத்திவிடக் கூடாது. ஆனால் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் மட்டும் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலி எதுவும் இல்லாமல் இரத்தப் பரிசோதனையில் மட்டும் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. வலி கடுமையாக இருக்கும் நாளில் பரிசோதித்தால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. ஆகையால் தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். அப்படிப் போகும்போது, இரத்தக்கொதிப்புக்கு உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரைகள் சில யூரிக் அமிலத்தைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டினால், தேவைப்பட்டால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.